ரிலேவை ஏமாற்றிய கரண்ட்

ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரை ஆன் பண்றாங்கன்னு வெச்சுக்குங்க. அந்த முதல் நொடியில, முழு லோடுல ஓடுற கரண்ட்டைப் போல எட்டு, பத்து மடங்கு வரைக்கும் அது இழுக்கலாம். கோளாறு எதுவும் கிடையாது. உள்ளே இருக்கிற இரும்பில் பழைய காந்தம் கொஞ்சம் மிச்சமிருக்கும். புதுசா வர்ற காந்தப் பாய்வும் அதோடு சேர்ந்தா, இரும்பால் தாங்க முடியாது, கரண்ட் எகிறும். சீக்கிரமே தானா அடங்கிடும். இதுக்குப் பேர் இன்ரஷ். இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1892-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இது தலைவலியா மாறினது பிறகுதான். 1904-ல் நியூகாசிலைச் சேர்ந்த சார்லஸ் மெர்ஸ், பெர்னார்ட் பிரைஸ் ரெண்டு பேரும் ஒரு பாதுகாப்பு முறைக்குக் காப்புரிமை வாங்கினாங்க. யோசனை ரொம்ப எளிமை: உள்ளே போற கரண்ட்டையும் வெளியே வர்ற கரண்ட்டையும் ஒப்பிட்டுப் பார். கணக்கு இடிச்சா உள்ளே பழுது. உடனே இணைப்பைத் துண்டி.

ஆனா இன்ரஷ் ஒரு பக்கம் மட்டும்தான் ஓடும். கணக்கு இடிக்கும். ரிலேவுக்கு அது அசல் ஷார்ட் சர்க்யூட் மாதிரியே தெரியும்!

ஆரம்பத்துல என்ன பண்ணாங்க? ஆன் பண்ற நேரத்துல ரிலேவைக் கொஞ்சம் தாமதப்படுத்தினாங்க, இல்லேன்னா மந்தமாக்கினாங்க. ஆபத்தே அதுலதான். ரிப்பேர் முடிஞ்சு திரும்ப ஆன் பண்ணும்போதுதானே விட்டுப்போன கோளாறு வெளிய வரும்? காவல்காரர் கண்ணசர்ற நேரமும் அதுவே. உள்ளே தீப்பொறி பறந்தா, சுற்றிலும் எண்ணெய்.

1938-ல் அமெரிக்காவில் கென்னடி, ஹேவர்ட் என்ற ரெண்டு பேர் வெளியிட்ட கட்டுரை கேள்வியையே மாத்திச்சு. கரண்ட் எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதே, அலை எப்படி இருக்குன்னும் பார். ஷார்ட் சர்க்யூட் அலை ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சீரா ஏறி இறங்கும். இன்ரஷ் ஒரே பக்கமா கூன் போட்டிருக்கும். அதனால அதுல ஹார்மோனிக்ஸ் அதிகம். முக்கியமா இரண்டாவது, அதாவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல 100 ஹெர்ட்ஸ். அது தெரிஞ்சா ரிலேவை இழுத்துப் பிடி. தெரியலைன்னா விட்டுடு.

இன்னைக்கு டிஜிட்டல் ரிலேக்களிலும் இதே யோசனைதான். இரண்டாவது ஹார்மோனிக் சுமார் 15 சதவீதத்தைத் தாண்டினா பொறுத்திருன்னு செட் பண்றது வழக்கம். ஆனா நவீன இரும்புல அது அதைவிடக் குறைவாவும் வரலாம். அளவை இறக்கினா, நிஜக் கோளாறு வரும்போது ரிலே தயங்கலாம். ஏத்தினா, காரணமே இல்லாம கரண்ட் போகும்.

அதனால, அந்த எண் எவ்வளவுன்னு முடிவு பண்ற பொறுப்பு இன்னைக்கும் ஒரு இன்ஜினியர் கையிலதான் இருக்கு.