கொழு கீறிய மண்

தமிழகப் புன்செய்களில் ஓடிய நாட்டுக் கலப்பை மண்ணைப் புரட்டுவதில்லை. கீறிப் பிளக்கும், அவ்வளவே. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அதிகாரிகள் பலர் இதனைக் குறையெனக் கொண்டு, மண்புரட்டும் இரும்புக் கலப்பையைப் பரிந்துரைத்தனர். 1889இல் இந்தியாவுக்கு அனுப்பப்பெற்ற வேளாண் வேதியியலறிஞர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில் மாறுபட்டார்: ஆழப் புரட்டினால் அடிமண்ணின் ஈரம் வெயிலுக்கு இரையாகும் என்பது அவர் அச்சம்.

உழவர் இவ்வறிவைச் சொல்லிலேயே வைத்திருந்தனர். சேற்றுழவுக்கு எதிர்நிலையில் நிற்பது 'புழுதி உழவு'. மேல்மண் நொறுங்கிப் புழுதியானால், கீழிருந்து நீரை ஏற்றும் நுண்துளைகள் அறுபடும். ஈரம் ஆவியாவது குறையும். ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுவதைத் திருக்குறளின் 1037ஆம் குறள் பேசுகிறது. அங்கு வரும் 'கஃசு' என்னும் சொல்லை ஆய்த எழுத்துக்குச் சான்றாக மட்டுமே பல்லாண்டு நடத்தியவன் நான். அஃது உழவனின் அளவை என்பதை மாணவருக்கு நின்று விளக்கியதில்லை.

நாட்டுக் கலப்பைக்கும் குற்றமுண்டு. ஆண்டுதோறும் கொழு ஒரே ஆழத்தில் செல்வதால், அதன் கீழ் மண் இறுகி, வேரும் மழைநீரும் எளிதில் இறங்காத கெட்டித் தட்டு உண்டாகிறது. இன்று அதனை உடைக்க உளிக்கலப்பை வந்துள்ளது. அதுவும் மண்ணைப் புரட்டுவதில்லை, ஆழமாகக் கீறுகிறது.