அந்தமானைப் படமெடுத்தவர்களும் படமெடுக்கப்பட்டவர்களும்

அந்தமான் பழங்குடிகளைப் பற்றிய ஆவணப்படங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் கண்ணால் மட்டுமே மதிப்பிடப்பட்டு வந்துள்ளன. ஒளிப்பதிவு சிறந்ததா, எவரும் காணாத முகங்கள் காட்டப்பட்டனவா, காடும் கடலும் எவ்வளவு அழகாகத் தெரிந்தன என்பவையே வழக்கமான அளவுகோல்கள். காதால் மதிப்பிட்டால் கேள்விகள் மாறிவிடுகின்றன. படத்தில் பேசுபவர் யார்? எந்த மொழியில் பேசுகிறார்? திரையில் வாயசைக்கும் மனிதர் என்ன சொன்னார் என்பது பார்வையாளருக்குத் தெரிவிக்கப்பட்டதா? இக்கேள்விகளை முன்வைத்தால், கடந்த ஐம்பது ஆண்டுகளில் புகழ்பெற்ற படங்கள் பலவும் தேறுவதில்லை.

திரைப்படத்துக்கு முன்பே அத்தீவுகளுக்குப் புகைப்படக் கருவி வந்துவிட்டது. அந்தமானியர்களுக்குப் பொறுப்பதிகாரியாக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மன், 1890களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அவர்களை நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் நிற்கவைத்துப் படமெடுத்தார். உடலை அளப்பதற்கு வசதியாகக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்த திரை பின்னால் வைக்கப்பட்டது. இதே போர்ட்மன் 1880இல் வட சென்டினல் தீவுக்குச் சென்று, ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். அனைவரும் நோயுற்றனர், முதியவர்கள் இருவரும் இறந்தனர், குழந்தைகள் பரிசுப் பொருள்களுடன் தீவில் கொண்டுபோய் விடப்பட்டனர். போர்ட்மன் மொழி தெரியாதவர் அல்லர். தென் அந்தமான் மொழிகளைப் பற்றி நூல்கள் எழுதியவர். மொழியறிவு மட்டும் ஒருவரை நல்ல பார்வையாளராக்கிவிடாது என்பதற்கு அவரே போதிய சான்று. மறுக்கும் உரிமை எதிரில் இருப்பவருக்கு உண்டு என்பதை ஏற்காதவரிடம் இலக்கணமும் ஓர் அளவுகோல் கட்டையாகிவிடுகிறது.

சுதந்திர இந்தியாவின் முக்கியமான அந்தமான் படம், பிலிம்ஸ் டிவிஷன் தயாரிப்பில் பிரேம் வைத்யா இயக்கிய ‘மேன் இன் சர்ச் ஆஃப் மேன்’ (1974). ஆவணம் என்ற வகையில் அதன் மதிப்பு மறுக்க முடியாதது. அன்றைய அரசின் ‘நட்புத் தொடர்பு’ முயற்சிகள் எவ்வாறு நடந்தன, தேங்காயும் துணியும் கையிலேந்திய அதிகாரிகள் கரையை எவ்வாறு அணுகினர் என்பதை அறிய இன்றும் அதுவே முதன்மைச் சான்று. ஆனால் அதன் தலைப்பே அதன் குறையையும் சொல்லிவிடுகிறது. தேடும் மனிதனுக்குப் பின்னணிக் குரல் உண்டு. தேடப்படும் மனிதனுக்கு இல்லை. ஓங்கேக்களின் பேச்சும் ஜாரவாக்களின் பேச்சும் காட்டின் ஒலியோடு ஒலியாகக் கலந்துவிடுகின்றன. அவர்கள் சிரிப்பதற்குப் பொருள் ‘மகிழ்ச்சி’ என்றும், கைநீட்டுவதற்குப் பொருள் ‘நட்பு’ என்றும் வருணனையாளர் தீர்ப்பளிக்கும்போது, அதைச் சரிபார்க்கப் பார்வையாளருக்கு எவ்வித வழியும் தரப்படவில்லை.

அதே 1974ஆம் ஆண்டு வட சென்டினல் கரையை அணுகிய படப்பிடிப்புக் குழுவின் நிகழ்ச்சி பலமுறை எழுதப்பட்டுள்ளது. மானிடவியலாளரும் காவலரும் உடன் சென்றனர். கரையில் ஒரு பொம்மைக் கார், தேங்காய்கள், உயிருள்ள ஒரு பன்றி, ஒரு பொம்மை, அலுமினியப் பாத்திரங்கள் ஆகியவை வைக்கப்பட்டன. எதிர்த்து வந்த அம்புகளில் ஒன்று இயக்குநரின் தொடையில் பாய்ந்தது. தீவினர் பின்னர் பன்றியைக் குத்திக் கொன்று பொம்மையோடு சேர்த்து மணலில் புதைத்துவிட்டு, தேங்காய்களையும் பாத்திரங்களையும் மட்டும் எடுத்துச் சென்றனர். இச்செய்தி வழக்கமாக ‘காட்டுமிராண்டித்தனத்தின்’ சான்றாகவோ, வேடிக்கைக் கதையாகவோ சொல்லப்படுகிறது. நிதானமாகப் படித்தால் அதில் மிகத் தெளிவான தெரிவு இருக்கிறது. பயன்படுவது எது, பயன்படாதது எது, வேண்டாதது எது என மூன்றையும் அவர்கள் பிரித்துக் காட்டினர். அந்தமான் ஆவணப்பட வரலாற்றில் படமெடுக்கப்பட்டவர்கள் படமெடுப்பைப் பற்றி வெளிப்படையாகத் தெரிவித்த விமர்சனம் ஒன்று உண்டெனில், அது இதுதான்.

தமிழ்த் திரைக்கு அந்தமான் என்றால் முதலில் சிறையே. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகத்திலிருந்து 1952இல் உருவான ‘அந்தமான் கைதி’ முதல், பிரியதர்ஷனின் ‘காலாபாணி’ 1996இல் தமிழில் ‘சிறைச்சாலை’யாக வந்தது வரை இந்த மரபு தொடர்ந்தது. இடையில் முக்தா சீனிவாசனின் ‘அந்தமான் காதலி’ (1978) தீவைக் காதலுக்கான நிலமாகவும் காட்டியது. தேசிய நினைவில் செல்லுலார் சிறைக்கு உள்ள இடம் நியாயமானது. எனினும் அச்சிறை 1896இல் கட்டத் தொடங்கப்படுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1859 மே மாதம், தம் நிலத்தைக் காக்கக் கிரேட் அந்தமானியர் ஆங்கிலேயரோடு அபர்டீனில் மோதினர் என்பதை இப்படங்களின் ரசிகர்களில் எத்தனை பேர் அறிவர்? சிறை வளாகத்தில் இன்றும் நடைபெறும் ஒலி ஒளிக் காட்சியில் கதைசொல்லியாக வருவது அங்குள்ள அரசமரம். உத்தி அழகானதுதான். ஆனால் ஒரு மரத்துக்கு வாய்த்த குரல், அம்மரம் முளைப்பதற்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்தவர்களுக்கு வாய்க்கவில்லை.

தொலைக்காட்சியின் தோல்வி 2012இல் முழுமையாக வெளிப்பட்டது. அந்தமான் நெடுஞ்சாலையில் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச்சொல்லும் காணொளியை அவ்வாண்டு சனவரியில் லண்டன் ‘அப்சர்வர்’ இதழ் வெளியிட்டது. இதழின் நோக்கம் சுரண்டலை அம்பலப்படுத்துவது. அதன் விளைவாகச் சட்டமும் இறுகியது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2012இல் திருத்தப்பட்டு, காப்பகத்தில் நுழைந்து படமெடுப்பதற்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் செய்தித் தொலைக்காட்சிகள் அக்காணொளியைக் கண்டித்துக்கொண்டே ஒளிபரப்பின. எதைக் காண்பது குற்றம் என்றனவோ, அதையே கோடிக்கணக்கானோரைக் காணச்செய்தன. அப்பெண்கள் அப்போது தம் மொழியில் தமக்குள் என்ன பேசிக்கொண்டனர் என்ற கேள்வி விவாத மேடைகளில் எழவேயில்லை. ‘ஜாரவா’ என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று, அண்டை இனத்தார் அவர்களை ‘அயலார்’ என்ற பொருளில் அழைத்த சொல், அவர்கள் தம்மை ‘அங்’ என்றே அழைத்துக்கொள்கின்றனர் என்ற எளிய தகவல்கூடப் பெரும்பாலான நிகழ்ச்சிகளில் இடம்பெறவில்லை.

இந்தக் குறையை நீக்குவதாகச் சொல்லிக்கொண்டு வந்தது பிரெஞ்சுப் படைப்பாளர்கள் இருவரின் ‘ஆர்கானிக் ஜாரவா’. ஜாரவாக்களையே பேசவைத்தோம் என்பது அவர்களின் வாதம். அனுமதியின்றிக் காப்பகத்தில் நுழைந்ததாக 2014இல் நிர்வாகம் காவல்துறையில் புகார் அளித்தது. சட்டச் சிக்கலை ஒதுக்கிவைத்தாலும் ஒரு மொழியியல் சிக்கல் எஞ்சுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஜாரவாக்கள் 380 பேர். அவர்களின் மொழியை அறிந்த வெளியார் மிகச் சிலரே. இந்நிலையில் திரையின் அடியில் ஓடும் சப்டைட்டில் உண்மையில் மொழிபெயர்ப்பா, படைப்பாளரின் கருத்தா என்று சோதிக்கத்தக்க பார்வையாளர் உலகில் எத்தனை பேர்? எவராலும் சரிபார்க்க முடியாத மொழிபெயர்ப்பு, பின்னணி வருணனையைவிட ஆபத்தானது. வருணனை தன்னை அயலாரின் குரல் என்று ஒப்புக்கொள்கிறது. சப்டைட்டில் அவர்களின் குரலாகவே வேடமிடுகிறது.

அண்மைக் காலப் படைப்புகளில் இரண்டு ஒப்பிடத்தக்கவை. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த இந்தித் தொடர் ‘காலா பாணி’, ‘ஒராக்கா’ என்ற கற்பனைப் பழங்குடியைப் படைத்துக்கொண்டது. உண்மையான ஓர் இனத்தின் பெயரைக் காட்சிப்பொருளாக்காத அந்த முடிவு பாராட்டத்தக்கது. ஆயினும் வெளியாரைத் தாக்கும் கொள்ளைநோய்க்கான மருந்து அப்பழங்குடியின் காட்டில் இருக்கிறது என்று கதை நகரும்போது, அவர்களின் மதிப்பு மீண்டும் நம் தேவையைக் கொண்டே அளக்கப்படுகிறது. அதே ஆண்டில் வெளியான ‘தி மிஷன்’, 2018 நவம்பரில் வட சென்டினலில் கொல்லப்பட்ட அமெரிக்க மதப்பரப்புநர் ஜான் ஆலன் சாவைப் பற்றியது. சென்டினலியரை விளக்க முற்படாமல், அவர்களை நாடிச் சென்ற மனத்தை விளக்க முற்படுவதே இப்படத்தின் வலிமை. மதப்பரப்புநராக அமேசானுக்குச் சென்று மொழியியலாளராகத் திரும்பிய டேனியல் எவரெட்டை அது பேசவைக்கிறது. இத்தீவுகளைத் தொட்ட படங்களில் கருவியைத் தன்பக்கமே திருப்பிக்கொண்ட அரிய படம் இது. சா தம் நாட்குறிப்பில் தீவினரின் பேச்சில் ப, ல, ச போன்ற ஒலிகள் மிகுதியாகக் கேட்டதாக எழுதினார். சென்டினல் மொழியைப் பற்றி உலகிடம் இருப்பது இத்தகைய சிதறல்களே. அம்மொழியை ஓங்கே, ஜாரவா மொழிகளுடன் ஒரே குடும்பத்தில் வைப்பதும் ஊகமே. முன்பு ஓங்கேக்கள் அங்கு அழைத்துச் செல்லப்பட்டபோதும் பேச்சு புரியவில்லை.

இவ்விடத்தில் தமிழ் மரபில் ஒரு பழைய கதை நினைவுக்குரியது. ‘மணிமேகலை’யில் கப்பல் கவிழ்ந்து நாகர் மலைப்பக்கம் கரையொதுங்கிய சாதுவனை, அங்குள்ளோர் உணவாக்க எழுப்புகின்றனர். அவர்களின் மொழியைக் கற்றிருந்ததால் அவன் உயிர் பிழைக்கிறான். அந்த நாகர் நக்கவாரத்தினர்தாமா என்பது ஆய்வாளர்களின் ஊகத்துக்குரியது. கவனிக்கத்தக்கது வேறு. சாதுவனும் அறம் போதிக்கச் செல்பவனாகவே மாறுகிறான். வாதத்தில் அவனே வெல்கிறான். அவ்வகையில் அதுவும் வெளியாரின் கதையே. ஆயினும் நாகர் தலைவன் எதிர்க்கேள்வி கேட்கிறான். கள்ளும் ஊனும் இல்லாத வாழ்க்கையில் என்ன பயன் என்று மறுத்துப் பேசுகிறான். அந்த மறுப்பைக் காப்பியம் பதிவு செய்கிறது. ஒரு பழங்காப்பியம் அளித்த அளவுகூட எதிர்வாதத்துக்கு இடமளிக்காத ஆவணப்படங்கள், கருவிகளில் முன்னேறியவை, கேட்பதில் பின்தங்கியவை.

கேட்பதற்கான முன்மாதிரி அந்தமானிலேயே உண்டு. மொழியியலாளர் அன்விதா அப்பி, 2005 தொடங்கிக் கிரேட் அந்தமானிய மொழியை எஞ்சிய பேச்சாளர்களிடமிருந்து கதையாகவும் பாட்டாகவும் பதிவு செய்தார். அப்பதிவுகளின் வழியே, உடலை ஏழு மண்டலங்களாகப் பகுத்து, உறுப்புப் பெயர் முதல் உறவுமுறை, வினை, பண்புச்சொல் வரை அப்பகுப்பின் முன்னொட்டுகளால் இயங்கும் இலக்கணம் வெளிச்சத்துக்கு வந்தது. தலைவாசலில் தேங்காய் வைத்துவிட்டுத் திரும்பும் படக்குழுவுக்கு இது எந்நாளும் கிட்டாது. போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 சனவரி 26 அன்று மறைந்தார். பேச எவருமின்றி அவர் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்ததை அப்பி பதிவு செய்துள்ளார். செய்தித் தொலைக்காட்சிகளோ ‘65,000 ஆண்டு மொழி மறைந்தது’ என்று தலைப்பிட்டன. அது பொருளற்ற தலைப்பு. மக்கள் அங்கு வாழ்ந்த காலம் நீண்டதாக இருக்கலாம்; எந்த மொழியும் அத்தனை காலம் மாறாமல் நிற்பதில்லை. ‘கற்கால மக்கள்’ என்ற பழைய வருணனையே புதிய எண்ணை அணிந்து மீண்டும் வந்தது. போவாவின் இழப்பைப் பெரிதாக்க அந்த எண் தேவையில்லை. ஒரு மொழியில் பதில் சொல்ல ஒருவரும் இல்லாமற்போவதே போதுமான பேரிழப்பு.

2011 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 44 பேர், ஓங்கேக்கள் 101 பேர், ஷொம்பென்கள் 229 பேர். தீவுகளின் மொத்த மக்கள்தொகையோ 3,80,581. அவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். ஆகவே தமிழில் வெளிவரும் அந்தமான் நிகழ்ச்சிகளை எங்கோ இருப்பவர்களைப் பற்றிய வேடிக்கையாகத் தமிழர் பார்க்க இயலாது. ‘நரமாமிசத் தீவு’ எனத் தலைப்பிட்ட யூடியூப் காணொளி ஒன்றைத் தமிழ்ப் பார்வையாளர் அழுத்தும் ஒவ்வொரு முறையும், அத்தீவை நோக்கிச் செல்லும் அடுத்த படகுக்கு எரிபொருள் ஊற்றுகிறார். 2025 மார்ச் மாதம் வட சென்டினல் கரையில் ஒரு குளிர்பானக் குவளையையும் தேங்காயையும் வைத்துவிட்டு அதைப் படமெடுத்துத் திரும்பிய அமெரிக்கர் கைதானார். 1974இன் காட்சி அரைநூற்றாண்டுக்குப் பின் மீண்டும் நடந்தது. இம்முறை காட்சியை எடுக்க அரசுத்துறையோ பெருநிறுவனமோ வேண்டியிருக்கவில்லை. காண்பதற்கு ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையே போதுமானதாயிருந்தது.

ஆகவே மதிப்பீடு இருவகைப்பட வேண்டும். பேச விரும்பும் சமூகங்களைப் பொறுத்தவரை, அவர்களின் மொழியைக் கற்று, பிறர் சரிபார்க்கும்படி பதிவு செய்து, பேச்சாளரின் பெயரோடு வெளியிடும் படமே நல்ல படம். அம்பால் விடை சொல்லிவிட்டவர்களைப் பொறுத்தவரை, எடுக்கப்படாத படமே நல்ல படம்.