மட்டாஞ்சேரிக் கொட்டாரம்

ஐரோப்பிய நாடுகளில் சிற்றரசரின் கோட்டை குன்றின்மேல் நிமிர்ந்து நிற்கும். ஊர் அதன் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். நம் மட்டாஞ்சேரிக் கொட்டாரமோ காயலுக்கு அருகே, ஊரோடு ஊராய், ஓட்டுக் கூரையுடன் அடங்கி நிற்கின்றது. பெரியதொரு பண்டகசாலை என்றெண்ணிக் கடந்து போவாரும் உளர். பணி மாற்றலாகி இவ்வூர் வந்த முதல் ஈராண்டுகள் அடியேனும் அங்ஙனமே கடந்து போனேன்.

பின்னர் ஒரு விடுமுறை நாளில் என் இளைய மகளை அங்கு அழைத்துச் சென்றேன். எல்லாரும் அதனை 'டச்சு அரண்மனை' என்றே சொல்லக் கேட்டிருந்த அவள், உள்முற்றத்துக் கோயிலைக் கண்டதும், "அப்பா, டச்சுக்காரர்களா பகவதியைக் கும்பிட்டார்கள்?" என்று வினவினாள். எனக்கு விடை தெரியவில்லை. நம் காலனிப் பிள்ளைகள் பிறந்து வளரும் ஊரைப் பற்றி நாம் அறிந்தது இவ்வளவுதானா என்று நாணமுற்றேன். பிறகு படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இம்மலரில் எழுதுகின்றேன்.

1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் முசிறித் துறை தூர்ந்து, கொச்சி முகத்துவாரம் ஆழமாயிற்று என்பர். பெரும்படப்பு மரபினரான கொச்சி அரசரும் பின்னர் இங்கு வந்து அமர்ந்தனர். 1500இல் போர்த்துக்கீசியர் மிளகு தேடி வந்தனர். 1503இல் கோட்டை எழுப்பினர். அவர்கள் அருகிலிருந்த கோயிலொன்றைக் கொள்ளையிட்டனர் என்றும், அரசரின் மனத்தாங்கலைத் தீர்க்கவே 1555ஆம் ஆண்டளவில் இக்கொட்டாரத்தைக் கட்டி வீரகேரளவர்மருக்கு அளித்தனர் என்றும் சொல்லப்படுகின்றது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் செய்தது பழுது பார்த்ததும் சில பகுதிகளைச் சேர்த்ததுமே. கட்டியவன் ஒருவன், குடியிருந்தவன் ஒருவன், பெயரோ பழுது பார்த்தவனுக்கு! அலுவலகத்தில் உழைப்போர் இதனை எளிதில் உணர்வர்.

கோயிலோ கொச்சி அரசரின் குலதெய்வமான பழையன்னூர் பகவதியினுடையது. நான்கு கட்டுகளுக்கு நடுவே முற்றம், முற்றத்தில் அம்மன்: அமைப்பு நம் நாட்டு நாலுகெட்டேயாம்.

அரசரின் பள்ளியறைச் சுவரில் இராமாயணம் முழுவதும் தீட்டப்பட்டுள்ளது. தசரதன் வேள்வி முதல் இராமபிரான் அயோத்தி மீளும் வரை ஏறக்குறைய 48 காட்சிகள். காவி, மஞ்சள், பச்சை, கருமை எனச் சில வண்ணங்களே; ஆயினும் விரல் வைக்க இடமின்றி உருவங்கள் நெருங்கியிருக்கின்றன. கீழறைகளில் கோவர்த்தனம் ஏந்திய கண்ணனையும் குமாரசம்பவக் காட்சிகளையும் காணலாம். சில இடங்களில் கோடு மட்டும் வரைந்து, வண்ணம் தீட்டாது விட்டிருக்கின்றனர். முடிந்த ஓவியங்களைக் காட்டிலும் என்னை நெடுநேரம் நிறுத்தியவை அக்கோடுகளே. தூரிகையை வைத்துவிட்டுச் சென்றவர் மறுநாள் வருவார் போலும்!

முடிசூட்டு மண்டபமும் உண்டு. ஆனால் முன்னோர் இருந்த வன்னேரியில் பட்டம் சூடும் நாள்வரை தலையில் முடி அணிவதில்லை என்று கொச்சி அரசர் உறுதி பூண்டனர் என்பது செவிவழி வரலாறு. முடியை மடியில் வைத்திருப்பாராம்.

நிற்க. கொட்டாரத்தை ஒட்டியே 1568இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் இருக்கின்றது. நீலமும் வெண்மையுமான சீன ஓடுகள் பதித்த தரையைக் காணவே பலரும் வருவர். தமிழர் அறிய வேண்டியது வேறொன்று. பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன், கி.பி. 1000ஆம் ஆண்டளவில் யோசேப்பு ரப்பான் என்பவருக்கு 72 உரிமைகளை வழங்கிய செப்பேடு இக்கூடத்தின் உடைமையாகும். அதன் எழுத்து வட்டெழுத்து; பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளிலும் நாம் காணும் அதே எழுத்து. இன்று யூதர் தெரு இருக்கின்றது. யூதரில் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றுவிட்டனர்.

கோவாவிலிருந்து ஓடிவந்த கொங்கணியரும், கச்சிலிருந்து வந்த வணிகரும் இங்கே இடம் பெற்றனர். நம்மவருள் வண்ணார் பெருமக்கள் படைவீரரின் உடை வெளுக்க டச்சுக்காரரால் தமிழ்நாட்டினின்றும் அழைத்து வரப்பட்டனர் என்பது வழிவழிச் செய்தி. கோட்டைக் கொச்சி வெளியில் அவர்தம் துறை இன்றும் இயங்குகின்றது. அங்கே சலவைக்கல்லின் ஓசையோடு தமிழும் கேட்கும். 1935 முதல் 1941 வரை கொச்சித் திவானாக இருந்தவர் கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார் என்பதும் நினைவிற்குரியது.

இருப்புப்பாதைச் செய்தியொன்றையும் சொல்லாவிடில் என் பணிக்குத் துரோகம் செய்தவனாவேன். சொரணூரிலிருந்து எறணாகுளம் வரை பாதை போட, மன்னர் இராமவர்மர் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பொருள் திரட்டினார். 1902இல் வண்டி ஓடியது. பின்னர் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் முகத்துவாரத்து மணல்திட்டை அகற்றி, தோண்டிய மண்ணால் வெலிங்டன் தீவை எழுப்பினார். கப்பல் தீவிற்குச் சென்றது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் பழைய செழிப்பும் அதன் பின்னே சென்றது. சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலைகள் பலவற்றில் இப்போது பழம்பொருட் கடைகள் இருக்கின்றன.

சென்ற மாதம் என் மகள் தன் தோழியர் இருவரை அங்கு அழைத்துச் சென்றாள். நான் பின்னால் நின்றேன். 'டச்சு அரண்மனை' என்று ஒருத்தி சொன்னதும், "அவர்கள் ஓடு மாற்றினவர்கள், அவ்வளவுதான்" என்று கூறிவிட்டு, நேரே பகவதி சந்நிதியைக் காட்டப் போனாள்.