எண்ணச் சுழற்சி நோய்: தன்னுதவி முறைகள்

எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) உள்ளவர், புத்தகம், பயிற்சிக் குறிப்பேடு, தொலைபேசி, கணினி ஆகியவற்றின் துணையோடு தாமே மேற்கொள்ளும் நடத்தைப் பயிற்சிகள் தன்னுதவி முறைகள் எனப்படும். லேசான, நடுத்தர நிலை நோய்க்கு இவை பயன்தரும். கடுமையான நிலையில் மருத்துவ சிகிச்சையோடு சேர்த்தே மேற்கொள்ள வேண்டும்.

நோயின் இயல்பு

வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து அச்சத்தைக் கிளப்பும். அச்சம் தணிய ஒருவர் கை கழுவுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், எண்ணுவார், மனத்துக்குள் மந்திரம் சொல்வார்; இச்செயல்கள் சடங்கு எனப்படும். தணிவு சிறிது நேரமே நிற்கும். செயல் தந்த தணிவே அடுத்த முறையும் அதே செயலைச் செய்யத் தூண்டுவதால் நோய் வேரூன்றுகிறது. தமிழ்க் குடும்பங்களில் மடி, ஆசாரம், தீட்டு என்ற பழக்கங்களுக்குள் இது மறைந்துகொள்வதும் உண்டு.

வகைப்பாடு

சண்டிகரில் அக்தர், விக் உள்ளிட்டோர் 82 நோயாளிகளை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட கட்டுரை, சுழலும் எண்ணங்களை ஐயம், சிந்தனை, அச்சம், உந்துதல், மனக்காட்சி என ஐந்தாகப் பிரித்தது. அவற்றின் பொருள் அழுக்கு, வன்முறை, உயிரற்ற பொருள்கள், சமயம், பாலுறவு என அமைந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் இந்நோயைப் பதற்ற நோய்களில் சேர்த்தது. 2013இல் தனி அதிகாரமாகப் பிரித்தது. நோயின் கடுமையை அளக்க 1989இல் வெளியான யேல்-பிரவுன் அளவுகோல் 10 கேள்விகளும் 40 மதிப்பெண்ணும் கொண்டது.

வரலாறு

வேண்டாத எண்ணத்தை ஒருவர் தாமே கையாளும் வழிகளை முறைப்படுத்திச் சொன்ன பழைய நூல் பாலி மொழியிலுள்ள பௌத்த நூலாகிய மஜ்ஜிம நிகாயம். அதன் 20ஆவது உரை (பாலியில் ‘சுத்த’) ஐந்து வழிகளைப் படிப்படியாகக் கூறுகிறது: வேறு நல்லெண்ணத்தைக் கொணர்தல், தீய எண்ணத்தின் கேட்டை நினைத்தல், அதைப் பொருட்படுத்தாமல் விடுதல், எண்ணம் எழும் காரணத்தைத் தணித்தல், இறுதியில் பல்லைக் கடித்து மன உறுதியால் அடக்குதல். இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வா, 1985இல் எழுதிய கட்டுரையில் இவற்றை நவீன நடத்தைச் சிகிச்சை உத்திகளோடு ஒப்பிட்டார்.

ஐரோப்பாவில் மனநல மருத்துவர்களான எஸ்கிரோல் 1838இலும் வெஸ்ட்பால் 1877இலும் நோயை விவரித்தனர். பிராய்டின் புகழ்பெற்ற நோயாளி வரலாறு 1909இல் வந்தது. சிகிச்சையில் திருப்பம் 1966இல் ஏற்பட்டது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் விக்டர் மேயர், இரு நோயாளிகளை அவர்கள் அஞ்சிய சூழலிலேயே இருத்தி, சடங்கைச் செய்யவிடாமல் தடுத்தார். அச்சம் தானே தணிந்தது. எதிர்கொண்டு சடங்கைத் தவிர்க்கும் இந்தப் பயிற்சியே இன்றைய முறைகளின் அடித்தளம்.

உளவியலாளர் ராக்மனும் டி சில்வாவும் 1978இல் நடத்திய ஆய்வில், நோயற்ற மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கும் இத்தகைய எண்ணங்கள் வருவது தெரிந்தது. எண்ணம் வருவது நோயல்ல, அதற்கு அளிக்கப்படும் பொருளும் பதிலுமே நோய் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. எண்ணத்தை அடக்க முயன்றால் அது வலுப்படும் என்று உளவியலாளர் வெக்னர் 1987இல் சோதனையால் காட்டினார். எனவே மஜ்ஜிம நிகாயம் கூறும் ஐந்து வழிகளில் மூன்றாவதாகிய பொருட்படுத்தாமை இன்றைக்கும் ஏற்றது. ஐந்தாவதாகிய அடக்குதல் இந்நோய்க்குப் பொருந்தாது.

தன்னுதவி நூல்களில் ஐசக் மார்க்ஸின் அச்சம் பற்றிய நூல் 1978இலும், எட்னா போவா, ரீட் வில்சன் இருவரின் பயிற்சி நூல் 1991இலும், ஜெப்ரி ஷ்வார்ட்ஸின் நான்கு படிநிலை நூல் 1996இலும் வெளிவந்தன. நடத்தைப் பயிற்சியைச் சோதித்து 2002இல் வெளியான, 218 பேர் பங்கேற்ற ஆய்வில், யேல்-பிரவுன் மதிப்பெண் சிகிச்சையாளர் வழிகாட்டியவர்களுக்கு 8.0, கணினி வழிகாட்டியவர்களுக்கு 5.6, தளர்வுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.7 எனக் குறைந்தது.

முறைகள்

1. பட்டியலிடல்: அச்சமூட்டும் சூழல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் இடுதல். பேருந்துக் கைப்பிடியைத் தொடுவது 40, செருப்பைத் தொட்டுவிட்டுச் சோறு உண்பது 80 என அது அமையலாம்.

2. எதிர்கொள்ளல்: குறைந்த மதிப்பெண்ணில் தொடங்கி, அச்சம் தணியத் தொடங்கும்வரை அங்கேயே இருத்தல். ஒரே பயிற்சியை நாள்தோறும் செய்தல்.

3. சடங்கு தவிர்த்தல்: கழுவாமலும் சரிபார்க்காமலும் இருத்தல். மனத்துக்குள் செய்யும் சடங்குக்கும் இது பொருந்தும். முற்றிலும் தவிர்க்க முடியாதபோது 15 நிமிடம் தள்ளிப்போடலாம்.

4. உறுதிமொழி கேளாமை: "கதவைப் பூட்டினேனா?", "கை சுத்தமா?" என்று வீட்டாரிடம் கேட்பதும் சடங்கே. வீட்டார் பதில் சொல்லாமல், பயிற்சியை நினைவூட்ட வேண்டும். திட்டுவதும் கேலி செய்வதும் நோயைக் கூட்டும்.

பயிற்சியைத் தனியாகத் தொடர்வது கடினம். வாரம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிக்கும் ஒருவர் இருந்தால் பலர் தொடர்ந்து செய்கின்றனர்.

தமிழகத்தில் இன்றைய நிலை

2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 0.8 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் இதற்கெனத் தனி மருத்துவப் பிரிவு இயங்குகிறது. தருமபுரி மாவட்டத்தின் வத்தல்மலை போன்ற ஊர்களில் தன்னுதவியின் தேவை மிகுதி. காப்பியும் மிளகும் விளையும் இந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் மனநல மருத்துவரைப் பார்க்கக் கொண்டை ஊசி வளைவுகள் வழியே தருமபுரிக்கு இறங்க வேண்டும். வாரந்தோறும் சென்றுவருவது கூலியை இழப்பதாகும். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மனஸ் என்ற மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.

எச்சரிக்கை

தற்கொலை எண்ணம், கடும் மனச்சோர்வு, உணவும் உறக்கமும் கெடும் அளவுக்குச் சடங்கு ஆகியவை இருந்தால் தன்னுதவி போதாது. மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. இந்நோய் உள்ளவர் வெட்கப்படக் காரணம் எதுவுமில்லை. தள்ளிப்போடாமல் உதவி கேட்பதே நல்லது.