புள்ளடி

புள் என்றால் பறவை, அடி என்றால் பாதம். ஈரமண்ணில் கோழி நடந்துபோன சுவடுதான் புள்ளடி. இலங்கையின் உக்குவளையில் தேர்தல் வந்தால் வாசலுக்கு வாசல் இந்தச் சொல்தான்: "மறக்காம புள்ளடி போடுங்க ஆயா." வாக்குச்சீட்டில் சின்னத்துக்கு நேரே குறுக்கும் மறுக்குமாக இரண்டு கீறல். பொத்தான் அழுத்தும் தமிழ்நாட்டில் இதற்கு வேலையில்லை.

அந்த இரண்டு கீறலுக்கு எங்கள் ஆயாமார் பட்ட பாடு கொஞ்சமல்ல. தோட்டத் தமிழர் பலருக்கு 1931இல் கிடைத்த வாக்குரிமையை 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் திருத்தமும் பறித்தன. முழுதாகத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின.

இத்தனை பாடுபட்டு மீட்ட புள்ளடியைப் பணம் அடித்துப்போகக் கூடாது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் செலவுக்கு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என வரம்பு கட்டினார்கள். அமெரிக்காவிலோ அத்தகைய கட்டாய வரம்பை உச்ச நீதிமன்றம் 1976இலேயே நீக்கிவிட்டது. நம் வரம்பு நல்ல வரம்பு. அதைக் காக்க வேண்டும்.