சென்னை வெள்ளிக் கரண்டிகளின் முத்திரைகள்

ஐரோப்பியரின் மேசைக்கென்று சென்னைப் பட்டணத்தில் செய்யப்பட்ட வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி, தேக்கரண்டி முதலியவற்றின் காம்பின் பின்புறத்தில், அவற்றைச் செய்வித்த நிறுவனத்தை அறிவிக்கும் பொருட்டுப் பொறிக்கப்பட்ட எழுத்துக்களும் உருவங்களும் இப்பெயரால் வழங்கும். கிழக்கிந்தியக் கும்பினியார் வருகைக்கு முன் தமிழ்நாட்டில் இவ்வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. கோயில் பாத்திரங்களில் கொடையாளர் பெயரும் எடையும் வெட்டப்படுவதுண்டாயினும், செய்த தட்டாரின் பெயர் காண்பது அரிது.

இங்கிலாந்தில் வெள்ளியின் தரத்தை அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைகள் ஆராய்ந்து, நடக்கும் சிங்கத்தின் உருவத்தையும் ஆண்டெழுத்தையும் இட்டன. இத்தாலியில் 1934-ஆம் ஆண்டின் விதிகளால் பட்டறையின் எண்ணும் மாகாணத்தின் சுருக்கெழுத்தும் முத்திரையாயின. காலனியாட்சிக் கால இந்தியாவிலோ இங்கிலாந்தில் இருந்தது போன்ற சோதனைச் சாலை ஏதும் இல்லை. ஆகவே சென்னை வெள்ளியில் காணப்படுவது அரசின் உறுதிமொழியன்று, வணிகரின் கையொப்பமே.

இத்துறையில் நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, வின்யர்டு வில்கின்சன் 1987-இல் வெளியிட்ட பதிவேட்டிலிருந்து வந்ததாகும். அது 1760 முதல் 1860 வரையிலான ஐரோப்பியப் பொற்கொல்லரையும் கடிகாரக்காரரையும் திரட்டித் தருவதால், அந்த நூறாண்டு பிற காலங்களைவிட ஒளி பெற்று விளங்குகிறது. சென்னையில் ஜார்ஜ் கார்டன் நிறுவனமும், கல்கத்தாவில் ஹாமில்டன் நிறுவனமும் தத்தம் பெயரின் முதலெழுத்துக்களைப் பொறித்தன. ஹாமில்டனார் அவற்றுடன் யானை உருவையும் சேர்த்தனர். ஆங்கில முத்திரை வரிசையின் தோற்றத்தைத் தரும் இத்தகைய அடுக்குகளைக் கண்டு மயங்குதல் எளிது. உருக்கப்பட்ட ரூபாய் நாணயங்களே மூலப்பொருள் என்று பலரும் கூறுவர். 1835-க்குப் பிந்தைய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தமையால், அது உண்மையாயின் தரம் ஆங்கில வெள்ளிக்குச் சற்றே குறைந்ததாகும்.

சில உருப்படிகளில், நிறுவனத்தின் எழுத்துக்கருகே, உளிநுனியளவில் தமிழெழுத்துப் போன்ற ஒரு சிறு குறி காணப்படும். அது வேலை செய்த தட்டாரின் அடையாளம் என்பாரும், பட்டறைக் கணக்கிற்கான குறியென்பாரும் உளர். முந்தைய கருத்தே மெய்யாயின், அரக்குப் படுக்கையில் தகட்டை வைத்துத் தட்டித் தட்டித் தெய்வத் திருமேனிகளை எழுப்பிய அக்கைகளுக்கு எஞ்சிய ஒரே சாசனம் அவ்வெழுத்தே.

பீட்டர் ஆர் என்பவர் கார்டனின் வாணிகத்தை 1840-களின் பிற்பகுதியில் ஏற்றதாகக் கொள்வர். ஆண்டு பற்றிக் கருத்து வேறுபாடுண்டு. கடிகாரத்திற்குப் பெயர்பெற்ற அவரது நிறுவனமான பி. ஆர் அண்ட் சன்ஸ், 1875-இல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்ததையடுத்து, 'சுவாமி வெள்ளி' என்னும் பாணியால் இங்கிலாந்திலும் கீர்த்தி அடைந்தது. காம்பின் நுனியில் விரல்நகமளவே உள்ள ஒரு தெய்வம் ஆபரணங்களோடு நிற்கும் அத்தேக்கரண்டிகளில், இடமின்மையால் முத்திரை காம்பின் பின்புறத்தில் ஒடுங்கிச் சாய்ந்து விழுந்திருக்கும். பலவற்றில் ஓரெழுத்து தேய்ந்தே காணப்படும். முத்திரையே இல்லாதவையும் ஏராளம். அவற்றைப் பாணியை மட்டுங்கொண்டு ஆர் நிறுவனத்திற்கு உரியவையாக்குவது துணிச்சலான செயலாகும்.

இருபதாம் நூற்றாண்டைப் பற்றிய செய்திகள் சுருக்கமானவை. அந்நூற்றாண்டு கழிந்தபின், இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2005-இல் வெள்ளிக்குத் தர முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது.

நீலகிரி முதல் கேமரன் மலை வரை, பழைய தோட்டப் பங்களாக்களின் கரண்டிகளைப் பெற்றவர்கள் முதலில் பூதக்கண்ணாடி கொண்டு காம்பின் பின்புறத்தைப் பார்ப்பது நன்று. அங்கே இ.பி.என்.எஸ். என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்கள் இருப்பின், அப்பொருள் நிக்கல் கலவையின்மீது மின்சாரத்தால் வெள்ளி பூசப்பட்டதேயன்றி, வெள்ளி அன்று.