மலை வீதியில் இரு வண்டிகள்

கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகும் இடம் பொல்பிட்டிய. 1969இல் அங்கு ஒரு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதனை அடுத்த கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஏறும் வீதி, ஹட்டனில் நாலாயிரம் அடிக்கும் மேலான உயரத்தை எட்டுகிறது. ஒரு மோட்டார் காரின் குணத்தை அறிவதற்கு, விற்பனையாளரின் சொல்லினும் இவ்வீதியே நம்பத்தக்க சாட்சியாகும்.

இவ்வீதியில் ஒப்புநோக்கத்தக்க வண்டிகள் இரண்டு. ஒன்று, அலெக் இசிகோனிஸ் வகுத்து 1948இல் பிரித்தானியாவில் அறிமுகமான மொறிஸ் மைனர். மற்றையது, பெர்டினாண்ட் போர்ஷேயின் கைவண்ணமான வொக்ஸ்வாகன். 'வண்டு' எனப் பெயர் பெற்றது.

1956இல் வெளிவந்த மைனர் 1000 வண்டியின் 948 கன சென்டிமீற்றர் இயந்திரம் 37 குதிரை வலு உடையது. வண்டின் 1192 கன சென்டிமீற்றர் இயந்திரம் அந்நாளில் 30 குதிரை வலுவே தந்தது. கணக்கில் வென்றது மைனர். ஆயினும் ஏற்றத்தில் நிலைமை வேறு. மைனரைக் குளிர்விப்பது நீர். நீண்ட ஏற்றத்தில் அது கொதித்தால், சாரதி வண்டியை ஓரங்கட்டி ஆறவிட வேண்டியதுதான். வண்டிற்கோ றேடியேற்றரே இல்லை, காற்றே குளிர்விக்கும். இயந்திரத்தின் பாரம் பின்சக்கரங்களின்மேல் அமர்வதால், சேற்றிலும் அவை பிடித்து ஏறும். இறக்கத்திலோ அதே பாரம் எதிரியாகும். மழையில் நனைந்த வளைவில் வேகமாகத் திரும்பினால் வண்டியின் பின்பக்கம் வெளியே இழுபடும். அவ்விடத்தில் மைனரின் திருத்தமான திருப்புகைக்கு நிகரில்லை. பழைய வண்டுகளின் ஆறு வோல்ட் விளக்குகள் மலைமூடுபனியில் மங்கலாகவே எரிந்தன என்பதையும் மறத்தற்கில்லை.

பராமரிப்பே உண்மையான சோதனை. மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூட்டுக்குத் தவறாது கிறீஸ் இடல் வேண்டும். இடாவிடின் அதன் புரி தேய்ந்து, ஒருநாள் சக்கரமே மடிந்து வண்டி வீதியில் சாய்ந்துவிடும். ஒருபுறம் பள்ளத்தாக்கான பாதையில் இது சிறு விடயமன்று. வண்டிற்கு இரண்டரை லீற்றர் எண்ணெயே உயிர். அதனை வடிப்பது ஒரு கம்பிவலை மட்டுமே. எனவே எண்ணெயைக் காலந்தவறாது மாற்றாதவர் இயந்திரத்தையே மாற்ற நேரிடும். பேன் பெல்ட் அறுந்தால் இரு வண்டிகளும் ஒன்றே. மேலே செல்ல இயலாது.

1960களின் முற்பகுதியில், அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய வண்டி கிடைப்பது அரிதாகவே, இருந்த வண்டியைக் காப்பாற்றுவது கட்டாயமாயிற்று. உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்க இயலாத கராஜ்காரர், வேறு வண்டியின் உறுப்பைப் பொருத்தியும் தாமே கடைந்தும் ஓடவைத்தனர். அக்கைத்திறன் வீண்போகவில்லை. மைனரின் உற்பத்தி பிரித்தானியாவில் 1971இல் நின்றுபோயிற்று. பிற்காலத்தில் அதன் தகட்டு உறுப்புகள் இலங்கையிலே செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த நாட்டுக்கே கப்பலேறின.